ரெமிஜியுஸ் கம்ப்ரஸர் வாங்கப் போனது

“டீச்சர், எந்தக் கம்ப்ரஸரை வாங்கட்டும்?”

ரெமிஜியுஸ் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிட்டார். தோளில் கிட்டார் தொங்கியது. கையிலிருந்த துணிப்பையை மேசையில் கவிழ்த்தார். சிவப்பில் ஒன்று, நீலத்தில் ஒன்று, மஞ்சளில் ஒன்று என்று மூன்று சின்ன இரும்புப் பெட்டிகள் உருண்டன.

மூன்றும் இரவல்.

ஜெசிந்தா டீச்சர் தலையைத் தூக்கவில்லை. யாருடைய ஆம்ப்ளிஃபயரையோ பிரித்துப்போட்டு ஈயத்தால் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

அவர் பாலிடெக்னிக்கில் ஆறு வருடம் எலெக்ட்ரானிக்ஸ் பாடம் நடத்தியவர். அந்த வேலை போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, தூத்துக்குடிப் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இந்த ரிப்பேர் கடையைப் போட்டார். பலகையில் வேறு என்னவோ பெயர் இருக்கிறது. ஊரில் பாடுகிறவர், வாசிக்கிறவர் எல்லோருக்கும் அது டீச்சர் கடை.

டீச்சருக்கு முப்பத்திரண்டு வயது. ரெமிஜியுஸுக்கு நாற்பத்தொன்பது. அதைப் பற்றி இருவருமே கவலைப்பட்டதில்லை.

“உக்காருங்கண்ணே,” என்றார் டீச்சர்.

ரெமிஜியுஸால் உட்கார முடியவில்லை. ஒரு வாரமாக அவர் வீட்டிலும் உட்காரவில்லை. செல்போனில் கம்ப்ரஸரைப் பற்றிய வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துக் கரைத்துக் குடித்துவிட்டார். வீட்டில், “பிரிட்ஜ் நல்லாத்தானே ஓடுது, எதுக்குக் கம்ப்ரஸரு?” என்று அவர் மனைவி கேட்டாள். அதற்குப் பதில் சொல்லக்கூட அவருக்குப் பொறுமை இல்லை.

பதில் பெரிய கம்பசூத்திரம் ஒன்றும் இல்லை. எலெக்ட்ரிக் கிட்டாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் வைக்கிற பெட்டி அது. காலால் மிதித்தால் வேலை செய்யும். ஓங்கி வருகிற சத்தத்தை அமுக்கும், ஒடுங்கிப் போகிற சத்தத்தைத் தூக்கும். எல்லாம் ஒரு மட்டத்துக்கு வந்துவிடும்.

“சிவப்பு ரொம்ப அமுக்குதுங்காங்க. நீலம் இரையுதுங்காங்க. மஞ்சள் நல்லதாம், ஆனா நாலு குமிழ் இருக்கு, எதை எவ்வளவு திருக்கன்னு தெரியல. நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா நான் அதையே வாங்கிருவேன்.”

“என்ன அவசரம்?”

“ஞாயித்துக்கெழம மாதா திருவிழா டீச்சர்.”

“இருபத்தாறு வருசமா அந்தக் கோயில்லதான வாசிக்கீங்க?”

“இந்த வருசம் ஆக்ஸி தனியாப் பாடுதா.”

ஆக்ஸிலியா அவருடைய ஒரே மகள். பத்தொன்பது வயது. திருவிழா மாலை ஆராதனையில் அவள் தனியாகப் பாடுவதற்கென்றே ஆர்கன் வாசிக்கிற மாஸ்டர் புதிதாக ஒரு மாதா பாட்டுக்கு மெட்டுப் போட்டிருந்தார். பாட்டு கைக்கு வந்த நாளிலிருந்து ரெமிஜியுஸுக்குத் தரையில் கால் பாவவில்லை. மகள் பாட, தகப்பன் வாசிக்க, ஊரே கேட்கப்போகிறது.

போன திங்கட்கிழமை ஒத்திகை முடிந்து வீட்டுக்கு வரும் வழியில் ஆக்ஸிலியா சொன்னாள்: “கிட்டார் வேண்டாம்ப்பா. ஆர்கன் மட்டும் போதும்.”

அதை டீச்சரிடம் சொல்லிவிட்டு ரெமிஜியுஸ் சமாளித்துக்கொண்டு சிரித்தார்.

“அவ சொன்னதுலயும் தப்பில்ல டீச்சர். என் சத்தம் சமமா வரல. ஒரு இடத்துல ஓங்குது, ஒரு இடத்துல அமுங்குது. ஒரு நல்ல கம்ப்ரஸர் போட்டுட்டா சரியாயிரும். அப்புறம் அவளே வாசிங்கன்னு சொல்லிருவா.”

டீச்சர் ஈயக்கோலைத் தாங்கியில் வைத்தார். முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார்.

“ஓங்குதுன்னா, எது ஓங்குது?”

“கிட்டார்தான்.”

“சரி. கிட்டார இங்க வச்சிட்டுப் போங்க. நாளைக்கு வாங்க.”

*

மறுநாள் துறைமுகத்தில் காலை ஷிப்ட் முடிந்ததும் ரெமிஜியுஸ் நேரே கடைக்கு வந்தார். அவர் கிரேன் ஓட்டுகிறவர். இருபது டன் சரக்குப் பெட்டியைத் தரைக்கு ஒரு சத்தமில்லாமல் இறக்குவார் என்று துறைமுகத்தில் அவருக்குப் பேர் உண்டு.

கிட்டார் உறையிலிருந்து வெளியே எடுக்கப்பட்டு, ஒரு நாற்காலியில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. வயர் செருகியிருந்தது. ஸ்பீக்கரில் விளக்கு எரிந்தது.

“பாத்தீங்களா டீச்சர்?”

“பாத்தேன். நேத்து சாயங்காலம் முழுக்கப் பக்கத்துலயே இருந்தேன். இன்னைக்குக் காலையிலயும் இருந்தேன்.”

“என்ன கோளாறு?”

“ஒரு கோளாறும் இல்ல. ஒரு தடவ கூட ஓங்கல. அது பாட்டுக்கு இருக்கு.”

ரெமிஜியுஸ் டீச்சரைப் பார்த்தார். கிட்டாரைப் பார்த்தார். அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“நான் என்ன பாடுபட்டுக்கிட்டு இருக்கேன், நீங்க வெளையாடுதீங்க.”

“வெளையாடலண்ணே. நீங்க கிட்டார் ஓங்குதுன்னீங்க. இல்லன்னு தெரிஞ்சு போச்சு. இனிமே அதச் சொல்ல வேண்டாம்லா.”

ரெமிஜியுஸ் கிட்டாரை உறைக்குள் திணித்தார். ஜிப் பாதியில் மாட்டிக்கொண்டது. அதோடு மல்லுக்கட்டிக்கொண்டே வாசல் வரை போனார். அங்கே நின்றார். இந்தக் கடையை விட்டால் தூத்துக்குடியில் கேட்க வேறு ஆள் கிடையாது என்பது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். சும்மா சொல்லக்கூடாது, கோபத்தை விழுங்கத் தெரிந்த மனிதர் அவர்.

திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“சரி. நான்தான் ஓங்குதேன். என் கைதான். இப்ப என்ன செய்யணும்?”

டீச்சர் மேசைக்கு அடியிலிருந்து நான்காவதாக ஒரு பெட்டியை எடுத்தார். நிறமும் கிடையாது, மூடியும் கிடையாது. சோதனை பார்ப்பதற்காக அவரே செய்து வைத்துக்கொண்ட கம்ப்ரஸர். உள்ளே இருக்கிற சாமான் எல்லாம் வெளியே தெரிந்தது. ஓரத்தில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு இருந்தது.

“சத்தம் ஓங்கி, இது அதை அமுக்குற நேரத்துல மட்டும் இந்த லைட்டு எரியும். மத்த நேரம் எரியாது. வாசிங்க.”

“என்ன வாசிக்க?”

“அவ பாட்டத்தான்.”

ரெமிஜியுஸ் மாதா பாட்டை வாசித்தார். பல்லவி வாசித்தார், இரண்டு சரணமும் வாசித்தார். கிரேன் ஓட்டுகிற அந்தக் கை கம்பிகளில் பதமாகப் போய்வந்தது. டீச்சர் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விளக்கு எரியவில்லை.

“இன்னொரு தடவ.”

இன்னொரு தடவையும் எரியவில்லை. ரெமிஜியுஸுக்குக் குழப்பமாகப் போய்விட்டது. தான் நன்றாக வாசிக்கிறோம் என்று தெரிந்து ஒருவர் வருத்தப்பட்டதை டீச்சர் அன்றைக்குத்தான் பார்த்தார்.

“லைட்டு பீஸ் போயிருக்கும் டீச்சர்.”

டீச்சர் கையை நீட்டி ஆறு கம்பியையும் ஒரே இழுப்பாக இழுத்தார். விளக்கு பளிச்சென்று எரிந்து அணைந்தது.

“அண்ணே, உங்களுக்குக் கம்ப்ரஸரே வேண்டாம்.”

“அப்படின்னா ஆக்ஸி பொய் சொல்லுதாளா?”

“அவ என்ன சொன்னா?”

“சத்தம் சமமா இல்லன்னு.”

“அவ வார்த்தையில சொல்லுங்க. அப்படியேதான் சொன்னாளா?”

ரெமிஜியுஸ் யோசித்தார். போன திங்கட்கிழமை நடந்து வந்த வழியை மனதில் திரும்ப நடந்தார். கோயில் முக்கு, ஐஸ் கம்பெனி, வலை காயப்போட்டிருந்த சுவர். அந்தச் சுவர் பக்கத்தில் வைத்துத்தான் சொன்னாள்.

“நீங்க வாசிச்சா எனக்கு நான் பாடுறதே கேக்க மாட்டேங்குப்பா. அப்படின்னு சொன்னா.”

“அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?”

“கம்ப்ரஸர் போட்டுக்கிடலாம்னேன்.”

டீச்சர் டீக்கடைக்குக் குரல் கொடுத்து இரண்டு டீ சொன்னார். டீ வந்தது. குடித்தார்கள்.

“அவ பாடுனது எதுலயாவது பதிஞ்சிருக்கா?”

“அவ மட்டும் தனியாப் பாடி வாட்ஸப்ல போட்டிருக்கா. பாடகர் குழு குரூப்புல இருக்கு.”

“நாளைக்கு அதக் கொண்டாங்க.”

*

புதன்கிழமை ரெமிஜியுஸ் வந்தபோது மேசை துடைத்து வைத்திருந்தது. அதில் ஆம்ப்ளிஃபயர் மூடியின் திருகாணிகள் ஒரு கிண்ணத்தில் இருந்தன. வேறு எதுவும் இல்லை.

டீச்சர் ரெமிஜியுஸின் செல்போனை ஒரு ஸ்பீக்கரில் இணைத்தார். கிட்டாரை அந்த மூடியில்லாத பெட்டி வழியாக இன்னொரு ஸ்பீக்கரில் இணைத்தார். பெட்டியைத் தன் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டார். ரெமிஜியுஸுக்கு விளக்கு தெரியாது.

“அவ பாடுதா. நீங்க கூட வாசிங்க. கோயில்ல வாசிக்க மாதிரியே.”

ஆக்ஸிலியாவின் குரல் கடைக்குள் வந்தது. கொஞ்சம் மெல்லிய குரல்தான். வார்த்தைகளைத் தெளிவாக விடுகிற பிள்ளை. மாதாவிடம் பேசுவதுபோல அலட்டாமல் பாடினாள். ரெமிஜியுஸின் முகம் கனிந்துவிட்டது. அவர் கை தானாகக் கம்பிக்குப் போயிற்று.

பல்லவி போயிற்று. முதல் சரணம் தொடங்கியது.

டீச்சர் கிண்ணத்திலிருந்து ஒரு திருகாணியை எடுத்து மேசையில் வைத்தார்.

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று வைத்தார்.

இரண்டாவது சரணத்தில் மூன்றாவது. முடிகிற இடத்தில் நான்காவது.

பாட்டு நின்றது. கடைசிக் கம்பியின் அதிர்வு அடங்கியது.

“எதுக்கு டீச்சர் திருகாணி?”

“லைட்டு எரிஞ்ச ஒவ்வொரு தடவைக்கும் ஒண்ணு.”

“நாலு தடவ ஓங்கினேனா?”

“நாலு தடவ.”

“எங்க எங்க?”

“அத நீங்கதான் சொல்லணும். பாட்டுல அவ குரல் மேல போற இடம் எத்தன இருக்கு?”

ரெமிஜியுஸ் வாய்க்குள் பாட்டை ஓட்டினார். முதல் சரணத்தில் ஒரு இடத்தில் விரலை மடக்கினார். அதே சரணத்தின் முடிவில் இன்னொரு விரல். இரண்டாவது சரணத்தில் ஒன்று. பாட்டு முடிகிற இடத்தில் ஒன்று.

மடங்கிய விரல்களைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார்.

விரலும் நாலு, திருகாணியும் நாலு.

“இன்னொரு தடவ வாசிக்கேன். இப்ப தெரிஞ்சு போச்சுல்லா, கவனமா வாசிச்சிருவேன்.”

“வாசிங்க.”

மறுபடி ஆக்ஸிலியா பாடினாள். ரெமிஜியுஸ் பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தார். மேல் இடம் வருவதற்கு முன்னாலேயே கையை இழுத்துப் பிடித்தார். அப்படியும் இரண்டு திருகாணி மேசைக்கு வந்தது.

“கை தானாப் போவுது டீச்சர்.”

“தெரியுது.”

“நான் போடுதது இல்ல. அதுவாப் போவுது.”

“எவ்வளவு நாளாப் போவுது?”

 வெளியே திருச்செந்தூர் பஸ் ஒன்று நெரிசலில் ஹாரன் அடித்து ஓய்ந்தது. ரெமிஜியுஸ் கிட்டாரை மடியில் சாய்த்துக்கொண்டு சொன்னார்.

“அவளுக்குப் பதினோரு வயசு அப்ப. கிறிஸ்மஸ் பாட்டு. பிள்ளைங்க எல்லாம் வரிசையா நிக்கிது, இவ மட்டும் முன்னால வந்து நாலு வரி தனியாப் பாடணும். நல்லாத்தான் பாடுனா. மேல போறப்போ குரல் கிறீச்சுன்னு உடைஞ்சிருச்சு. பின்னால நின்ன பிள்ளைங்க சிரிச்சிட்டுக. பெரியவங்களும் ரெண்டு பேரு சிரிச்சாங்க. அவ மொகத்தப் பாக்கணுமே டீச்சர்...”

நிறுத்தினார். மூக்கை உறிஞ்சினார்.

“எனக்கு என்ன செய்யன்னு தெரியல. ஆறு கம்பியையும் சேத்து ஒரு போடு போட்டேன். போட்டுக்கிட்டே இருந்தேன். அந்தச் சிரிப்பு யாருக்கும் கேக்கக் கூடாதுன்னு. கேக்கல. அவளுக்கும் கேக்கல. அவ அடுத்த வரிய எடுத்துட்டா.”

“நல்ல காரியம்தான் செஞ்சிருக்கீங்க,” என்றார் டீச்சர். உண்மையாகத்தான் சொன்னார்.

“அதுக்கப்புறம் அவ குரல் ஒரு தடவகூட உடையல டீச்சர்.”

“உடைஞ்சாலும் யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?”

ரெமிஜியுஸ் தலையைக் குனிந்துகொண்டார். டீச்சருக்குத் தான் அதைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது. நல்ல மனிதர். மகள்மேல் உயிரையே வைத்திருக்கிறவர். எட்டு வருடமாக அந்தப் பிள்ளை விழும் விழும் என்று இவர் கையை ஏந்திக்கொண்டே இருந்திருக்கிறார். அந்தக் கை கம்பியில் விழுந்துகொண்டே இருந்திருக்கிறது.

ரெமிஜியுஸ் மறுபடியும் கேட்டார். மனிதர் லேசில் விடுகிறவர் இல்லை.

“அப்ப எந்தக் கம்ப்ரஸர வாங்க?”

டீச்சர் மூடியில்லாத பெட்டியை எடுத்தார். ஒரு குமிழை முழுக்கத் திருப்பினார்.

“இதக் கொண்டு போங்க. நல்லா அமுக்க மாதிரி வச்சிருக்கேன். இனி அந்த எடத்துல நீங்க எவ்வளவு ஓங்கிப் போட்டாலும் வெளிய ஓங்காது. அவ குரலும் கேக்கும்.”

ரெமிஜியுஸின் கண் விரிந்தது. “இதத்தான் டீச்சர் நான் மொத நாளே கேட்டேன்!”

“ஆமாண்ணே. கேட்டீங்க.”

“இது நல்லதா? அந்த மஞ்சள் நல்லதா?”

“கேக்கப் போறவ நானில்ல. அவகிட்டக் கேளுங்க.”

*

வியாழக்கிழமை மத்தியானம். வீட்டு முன்னறையில் ரெமிஜியுஸ் எல்லாவற்றையும் இணைத்து வைத்தார். மனைவி கோயில் கொடிமரத்துக்குப் பூக்கட்டப் போயிருந்தாள். ஆக்ஸிலியா காலேஜிலிருந்து வந்து பையை இறக்கியவள், தரையில் கிடந்த பெட்டியைப் பார்த்தாள்.

“என்னப்பா இது, குடலெல்லாம் வெளிய கெடக்கு?”

“டீச்சர் குடுத்தது. ஒரே ஒரு தடவ பாடு. உனக்குச் சரியாப் படலன்னா நான் ஞாயித்துக்கெழம பெஞ்சில உக்காந்து கேட்டுக்கிடுதேன். வேற பேச்சே பேச மாட்டேன்.”

அவர் குரலைக் கேட்டு ஆக்ஸிலியாவுக்குப் பாவமாகப் போய்விட்டது. பசிக்கிறது என்று சொல்ல வந்தவள் சொல்லவில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பாடத் தொடங்கினாள்.

ரெமிஜியுஸ் வாசித்தார். மேல் இடம் வந்தது. கை வழக்கம்போலப் போயிற்று. ஆனால் ஸ்பீக்கரில் வந்த சத்தம் ஓங்கவில்லை. ஒரே மட்டத்தில் வழிந்து போயிற்று. அவருக்கு அப்பாடா என்றிருந்தது.

ஆக்ஸிலியா பாட்டை நிறுத்திவிட்டாள்.

“ஏன், சத்தம் சரியில்லையா?”

“சத்தம் நல்லாருக்குப்பா. இடிக்கவே இல்ல.”

“அப்ப ஏன் நிறுத்துன?”

“ஒண்ணுமில்ல.”

“சொல்லு ஏட்டி.”

“சொன்னா சங்கடப்படுவீங்க.”

“படல. சொல்லு.”

ஆக்ஸிலியா சடை நுனியைத் திருகிக்கொண்டே சொன்னாள்.

“அந்த எடம் வர்றதுக்கு முன்னாடியே கண்ண இறுக்கி மூடிக்கிடுதீங்க.”

“நானா?”

“எப்பவும்தான். ஊசி போட வரும்போது மூடுவோம்லா, அப்படி. ஒத்திகையிலயும் மூடுனீங்க. இப்பவும் மூடுனீங்க.”

ரெமிஜியுஸ் தன் இமையைத் தொட்டுப் பார்த்தார். கண்ணை மூடியிருந்தவருக்கு அது எப்படித் தெரியும்?

“அதப் பாத்ததும் எனக்குத் தோணிரும்ப்பா, அப்பாவே பயப்படுதாங்க, அப்ப உடைஞ்சிரத்தான் போவுதுன்னு. அதான் ஆர்கன் மட்டும் போதும்னேன். மாஸ்டர் முதுகத்தான் காட்டிக்கிட்டு இருப்பாரு. கிட்டாரு சத்தம் மட்டும்னா நான் பொறுத்துக்கிடுவேன். உங்களப் பெஞ்சில உக்கார வைக்கணும்னு எனக்கு ஆசையா?”

ரெமிஜியுஸுக்கு அழுகை வந்தது. அவர் அதை அடக்கவில்லை. கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டே அழுதார். ஆக்ஸிலியா எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு கால் கட்டை விரலை நீட்டிப் பெட்டியை அணைத்தார்.

“மறுபடி பாடு.”

“கண்ண மூடக் கூடாது.”

“மூடல.”

அவள் பாடினாள். அவர் வாசித்தார். இடையில் பெட்டியின் உதவி எதுவும் இல்லை. பல்லவி சுகமாகப் போயிற்று. சரணம் எடுத்தாள். மேல் இடம் இன்னும் இரண்டு வரியில் இருந்தது, ஒரு வரியில் இருந்தது. ரெமிஜியுஸின் இமை தானாக இறங்கியது. அதை அவர் பிடித்து நிறுத்தினார். இருபது டன் பெட்டி அந்தரத்தில் தொங்கும்போதுகூட அவருக்கு அவ்வளவு பாடு இருந்ததில்லை.

மகளைப் பார்த்தார். அந்த இடத்தில் அவள் முகம் எப்படி இருக்கும் என்பதே அவருக்கு அன்றுவரை தெரியாது. புருவம் இரண்டும் மேலே ஏறி, தாடை லேசாக நடுங்கி, அவளுடைய அம்மாவின் சாயல் அப்படியே வந்திருந்தது.

அவர் கை கம்பியை லேசாகத் தொட்டுக்கொண்டு நின்றது.

குரல் மேலே போயிற்று. போய் நின்றது. நடுவில் உடைந்தது.

நன்றாகவே உடைந்தது. பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்டிருக்கும்.

 ஆக்ஸிலியா அப்பாவின் கண்ணைப் பார்த்தாள். இரண்டு கண்ணும் திறந்திருந்தன.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“உடைஞ்சிருச்சு.”

“ஆமா.”

“ஞாயித்துக்கெழம கோயில்ல இப்படி உடைஞ்சா என்ன செய்வீங்க?”

உடையாது என்று சொல்ல ரெமிஜியுஸுக்கு நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. 

“நீ அடுத்த வரிய எடுக்கிற வரைக்கும் உன்னையப் பாத்துக்கிட்டே இருப்பேன்.”

ஆக்ஸிலியா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அப்ப நீங்களே வாசிங்கப்பா.”